விலை ஊஞ்சல்

கொள்ளேகாலிலிருந்து மாதேசுவரன் மலைக்குச் செல்லும் பாதையில் உள்ளது ஹனூர். 1956 நவம்பர் முதல் நாள் வரை கோயமுத்தூர் ஜில்லாவின் கொள்ளேகால் தாலுகாவில் அடங்கியிருந்த இவ்வூர், அன்று மைசூர் இராஜ்யத்தோடு இணைந்தது. இன்று சாமராஜநகர் மாவட்டத்தில் உள்ளது. பட்டுப்புழு வளர்ப்பு இவ்வட்டாரத்தின் பழந்தொழில். கூடுகளை ஏலத்திற்குக் கொண்டு செல்லும் குடியானவரின் கவலை ஒன்றே: விலை இன்னும் ஏறுமா, இனி இறங்குமா?

இதே கவலை பங்கு மார்க்கெட்டிலும் உண்டு. அதற்கு விடை தேடியவர்கள் அமைத்ததே 'ஆஸிலேட்டர்' என்னும் ஊசல் குறியீடு. சில நாட்களில் விலை தொட்ட உச்சத்திற்கும் தாழ்விற்கும் இடையே இன்றைய முடிவு விலை எங்கே நிற்கிறது என்று அளக்கும் 'ஸ்டோகாஸ்டிக்' முறையை 1950-களில் சிகாகோவில் பரப்பியவர் ஜார்ஜ் லேன். 1978-இல் வெல்ஸ் வைல்டர் என்னும் பொறியியலாளர் ஒப்பீட்டு வலிமைக் குறியீட்டை வெளியிட்டார்.

அதன் கணக்கு எளிது. 14 நாட்களின் ஏற்றச் சராசரி ஒன்றரை ரூபாய், இறக்கச் சராசரி அரை ரூபாய் எனக் கொள்வோம். இரண்டும் சேர்ந்த இரண்டு ரூபாயில் ஏற்றத்தின் பங்கு நூற்றுக்கு 75. எழுபதைத் தாண்டினால் அளவுக்கு மீறி வாங்கப்பட்டது என்றும், முப்பதுக்குக் கீழே இறங்கினால் அளவுக்கு மீறி விற்கப்பட்டது என்றும் பொருள் கொள்வர்.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. விலை ஒரு வரம்பிற்குள் ஆடும்போதுதான் இக்குறியீடு நன்கு பயன்படும். ஒரே திசையில் வலுவாக ஏறும் பங்கில் அது எழுபதுக்கு மேலேயே பல நாள் நிற்கக் கூடும். அதை நம்பி விற்றவர் ஏமாறுவர். ஊஞ்சல் எவ்வளவு உயர்ந்தது என்பதை அது காட்டும். அடுத்து நிகழப்போவதை உறுதி கூறாது. கழிந்த நாட்களின் விலையன்றி வேறெதுவும் அதற்குத் தெரியாது.

இந்தியப் பங்குப் பரிவர்த்தனை வாரியமாகிய செபி 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், பங்குகளைச் சார்ந்த எதிர்கால, விருப்ப ஒப்பந்தங்களில் இறங்கிய தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேர் நஷ்டமடைந்தனர். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். அவர்கள் எல்லாரும் குறியீடுகளை நம்பியவர்கள் என்று நாம் கூறவில்லை. குறுகிய கால விலையை முன்னறிதல் எத்துணை அரிது என்பதையே கூறுகிறோம்.

கூடு விற்கும் குடியானவர் நேற்றைய விலையோடு நில்லாமல், மழையையும், முசுக்கொட்டை இலையின் விளைவையும், கேட்போர் தொகையையும் எண்ணிப் பார்க்கிறார். வெளியூரில் உழைத்துச் சேர்த்த பொருளைச் சந்தையில் இடும் நாமும் அவ்வாறே குறியீட்டைத் துணையாகக் கொள்வோம்; முடிவை நம் ஆராய்ச்சிக்கே விடுவோம்.