சீரணியும் மிட்டாய்ப் புட்டியும்: இனிப்பாசையின் வரலாற்றிலிருந்து சில பக்கங்கள்



நாம் பாடம் நடத்தும் மத்ரஸாவில் ஆசிரியர் மேசையின் இழுப்பறைக்குள் ஒரு கண்ணாடிப் புட்டி இருக்கிறது. ஒரு சூராவைப் பிழையின்றி ஒப்புவிக்கும் பிள்ளைக்கு அதிலிருந்து ஒரு மிட்டாய் கிடைக்கும். நமக்கு முன்பிருந்த ஆசிரியரிடமிருந்து பெற்ற வழக்கம் இது. அவரிடமிருந்து பெறாத ஒரு வழக்கமும் நம்மிடம் தானாக வந்து சேர்ந்துவிட்டது. பிள்ளைக்கு ஒன்று எடுத்தால், நமக்கும் ஒன்று எடுப்போம். இப்படி அஸருக்கும் இஷாவுக்கும் இடையில் ஆறு மிட்டாய்கள் போய்விடும். சென்ற ஆண்டு இரத்தப் பரிசோதனை செய்துகொண்டபோது, நீரிழிவின் வாசலில் நிற்கிறோம் என்றும் எட்டு கிலோ எடை குறைக்க வேண்டும் என்றும் மருத்துவர் கூறினார். சோற்றைக் குறைக்க முடிந்தது. பரோட்டாவை நிறுத்தவும் முடிந்தது. ஆனால் மாலை ஐந்து மணிக்கு அந்த இழுப்பறையை நோக்கிச் செல்லும் கையை மட்டும் நிறுத்த முடியவில்லை.

பிறருக்கு நஃப்ஸைப் பற்றிப் பாடம் சொல்லும் ஒருவருக்கு இது வெட்கம் தரும் செய்தி. அந்த வெட்கத்தோடுதான் நமது பழைய நூல்களைத் திறந்தோம். இனிப்பின் மீதான ஆசையை நம் முன்னோர் எவ்வாறு கண்டனர், எவ்வாறு கையாண்டனர் என்று தேடினோம். கிடைத்தவற்றுள் சிலவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

முதலில் சொற்கள். மவ்லிது மஜ்லிஸிலும் கத்முல் குர்ஆன் முடிந்த பின்பும் நாம் பங்கிடும் இனிப்பைச் ‘சீரணி’ என்கிறோம். அது ‘ஷீரீனி’ என்ற பாரசீகச் சொல்லின் தமிழ் வடிவம். இனிப்பு என்பதே அதன் பொருள். ஆங்கிலேயர் மிட்டாய்க்கு வழங்கும் ‘கேண்டி’ என்ற சொல்லின் கதை இன்னும் சுவையானது. துண்டு என்று பொருள்படும் ‘கண்ட’ என்ற வடமொழிச் சொல் பாரசீகத்தில் ‘கந்த்’ ஆயிற்று. அரபியில் ‘கந்தீ’ ஆகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தை அடைந்தது. நம் வீட்டுக் கற்கண்டு அதற்கு உறவுதான். கரும்புச் சாற்றைக் கட்டியாக்கும் கலை இந்திய மண்ணில் தோன்றிப் பாரசீகம் சென்றது. ஹிஜ்ரி முதல் நூற்றாண்டில் முஸ்லிம்கள் பாரசீகத்தை வென்றபோது அக்கலையும் அவர்கள் கைக்கு வந்தது. அவர்கள் கரும்பை எகிப்து, ஷாம், சிசிலி, மொரோக்கோ, அந்தலுஸ் எனச் சென்ற இடமெல்லாம் நட்டனர். ‘சுக்கர்’ என்ற அரபுச் சொல்லிலிருந்தே ஐரோப்பிய மொழிகள் பல சர்க்கரைக்கு உரிய பெயரைப் பெற்றன.

இங்கே ஓர் ஐயம் எழும். நபி (ஸல்) அவர்கள் இனிப்பையும் தேனையும் விரும்பினார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் உள்ளது. அல்வாத் தட்டின் முன் அமர்ந்து இந்த ஹதீஸை நினைவுகூராதவர் நம்மில் எவர்? நாமும் பல வலீமாக்களில் அதை ஓதியபடியே இரண்டாம் முறை தட்டை நீட்டியிருக்கிறோம். ஆனால் விளக்கவுரையைத் திறந்து பார்த்தபோது நாணமே மிஞ்சியது. அந்த விருப்பம், மனம் ஏங்கித் துடித்து நாடும் வகையைச் சேர்ந்ததன்று என்கிறார் இமாம் கத்தாபீ. இனிப்பு முன்னே வைக்கப்பட்டால் அதில் நல்லபடி உண்பார்கள். அதைக் கொண்டே அது அவர்களுக்குப் பிடிக்கும் என்று பிறர் அறிந்தனர். இதுவே அவர் தரும் விளக்கத்தின் சாரம். ‘ஃபத்ஹுல் பாரீ’யில் இதை எடுத்துரைக்கும் இப்னு ஹஜர் அவர்கள், ஸஆலிபீயின் சொல்லாராய்ச்சி நூலிலிருந்து மற்றொரு குறிப்பையும் தருகிறார். நபி (ஸல்) அவர்கள் விரும்பிய இனிப்பு ‘மஜீஃ’, அதாவது பாலில் பிசைந்த பேரீச்சம்பழம் என்பதே அக்குறிப்பு. நெய் சொட்டும் சீனிப்பாகு அல்வாவுக்கும் அதற்கும் உள்ள தூரத்தை நாம் விளக்க வேண்டியதில்லை.

விருப்பம் வேறு, ஏக்கம் வேறு. கிடைக்கும்போது மகிழ்ந்து உண்பது விருப்பம். கிடைக்காதபோது தேடி அலைவது ஏக்கம். இழுப்பறை திறக்கும் கை எந்த வகை என்று நமக்குத் தெரிந்துவிட்டது.

இனிப்பின் மீது ஆசை கொண்ட நல்லடியார்களும் இருந்தனர். கூஃபா நகரின் தாபியீ ரபீஃ இப்னு குஸைம் அவர்களுக்குச் சர்க்கரை மிகவும் பிடிக்கும். வாசலில் யாசகர் வந்து நின்றால், அவருக்குச் சர்க்கரையைக் கொடுங்கள் என்பாராம். ரபீஃ சர்க்கரையை விரும்புகிறார் என்பதே அதற்கு அவர் கூறும் காரணம். கி.பி. 717 முதல் 720 வரை ஆண்ட கலீஃபா உமர் இப்னு அப்தில் அஸீஸ் அவர்களைப் பற்றியும் இமாம் குர்துபீயின் தஃப்ஸீரில் இதே போன்ற செய்தி உண்டு. அவர் மூட்டை மூட்டையாகச் சர்க்கரை வாங்கித் தர்மம் செய்வார். அதன் விலையைப் பணமாகவே கொடுத்துவிடலாமே என்று கேட்டோருக்கு, தமக்கு மிகப் பிரியமானது சர்க்கரைதான் என்றும், பிரியமானதிலிருந்தே செலவிட நாடுவதாகவும் கூறினார். ஆல இம்ரான் சூராவின் 92ஆம் வசனம் சொல்வதும் இதைத்தான்.

இதைப் படித்த உற்சாகத்தில், உம்ராவிலிருந்து திரும்பிய உறவினர் தந்த சாக்லேட் பெட்டியை அப்படியே அண்டை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினோம். அரை மணி நேரத்தில் அது திரும்பி வந்தது. அந்த வீட்டில் மூவருக்கு நீரிழிவு! ரபீஃ அவர்களின் காலத்து ஏழை சர்க்கரையைக் கண்ணாலும் கண்டிருக்க மாட்டார். இன்றைய ஏழையின் வீட்டில் குறைவில்லாமல் இருப்பது அது ஒன்றே. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்வதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடந்து 2023இல் வெளியான ஆய்வு கூறுகிறது. ஆகவே கலீஃபாவிடம் கேட்கப்பட்ட கேள்வியை நம் காலத்தில் திருப்பிப் போட்டு, மிட்டாய்க்கு ஒதுக்கிய பணத்தைப் பணமாகவே கொடுப்பது என்று முடிவு செய்தோம்.

அரிதாக இருந்த ஒரு பொருள் எப்படி இவ்வாறு மலிந்தது? இதற்கு எகிப்துக்குச் செல்ல வேண்டும்.

பதினோராம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கெய்ரோவில் தங்கியிருந்த பாரசீகப் பயணி நாஸிர் குஸ்ரவ், பெருநாளன்று ஃபாத்திமிய சுல்தானின் விருந்து மண்டபத்தைக் காணும் வாய்ப்பைப் பெற்றார். அன்றைய விருந்துக்கு மட்டும் ஐம்பதாயிரம் ‘மன்’ சர்க்கரை என்று அவரிடம் சொன்னார்கள். நாரத்தையை ஒத்த ஒரு மரம் விருந்தில் அலங்காரமாக நின்றது. அதன் கிளை, இலை, கனி யாவும் சர்க்கரை. அதற்குள் ஆயிரம் உருவங்கள், அவையும் சர்க்கரை. அந்தச் சர்க்கரை எவ்வாறு உருவாயிற்று என்பதை 1333இல் மறைந்த எகிப்திய அறிஞர் நுவைரீ விரிவாக எழுதியுள்ளார். கரும்பை வெட்டி நசுக்கி, சாற்றை வடித்துக் காய்ச்சி, அடியில் துளையுள்ள கூம்பு வடிவ மண்சாடிகளில் ஊற்றுவார்கள். பாகு துளி துளியாக ஒழுகிப் போக, வெண்ணிறக் கட்டி தங்கும். எரிக்க விறகு, சுற்ற மாடுகள், நீர் பாய்ச்ச ஆட்கள் என்று ஒரு கட்டிக்குப் பின்னால் ஓர் ஊரே உழைத்தது. சாமானியர் அதை நாள்தோறும் உண்ண முடியாது. மருந்துக்கும் பெருநாளுக்கும் உரிய பொருளாகவே அது இருந்தது. ஹகீம்களின் ஷர்பத்தும் மஜூனும் சர்க்கரையின் மீது எழுந்தவையே.

வரலாற்றாசிரியர் மக்ரீஸீ (மறைவு 1442) கெய்ரோவின் இனிப்புக் கடைத்தெருவை வருணிக்கும் பக்கத்தை நாம் மீண்டும் மீண்டும் படித்தோம். ரஜப் மாதம் வந்துவிட்டால் குதிரை, சிங்கம், பூனை எனச் சர்க்கரையில் வார்த்த உருவங்கள் கடைகளின் முன்னே நூலில் தொங்கும். ‘அலாலீக்’ என்று அவற்றுக்குப் பெயர். பத்து ராத்தல் எடையுள்ளதும் உண்டு, கால் ராத்தல் எடையுள்ளதும் உண்டு. பெரியவர், எளியவர் என்றில்லாமல் எல்லோரும் பிள்ளைகளுக்கு வாங்கிச் செல்வர். உருவங்களைப் பற்றிய ஃபிக்ஹு விவாதத்துக்குள் நாம் இங்கே புகவில்லை. நம் சிறுவயதில் பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கிய மிட்டாய்ப் பொட்டலங்கள் கண்முன் வந்தன என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறோம். ஒரு வேறுபாடு உண்டு. கெய்ரோவின் பிள்ளை அந்தச் சர்க்கரைக் குதிரைக்காகப் பருவம் பார்த்துக் காத்திருந்தது. நம் வீட்டுப் பிள்ளை அடுத்த மணி நேரம் வரைகூடக் காத்திருப்பதில்லை.

பின்னர் கரும்பு மேற்கே போயிற்று. ஐரோப்பியர் அதை மதீரா, கேனரி முதலிய தீவுகளில் நட்டனர். 1493இல் கொலம்பஸ் தமது இரண்டாம் பயணத்தில் கரீபியனுக்குக் கொண்டு சென்றார். அதன்பின் நடந்ததை நாம் எழுதத் தேவையில்லை. இலட்சக்கணக்கான ஆப்பிரிக்கர்கள் சங்கிலியில் கட்டப்பட்டு கரும்புத் தோட்டங்களுக்கு இழுத்துச் செல்லப்பட்டனர். அவர்களுள் கலிமா சொன்னவர்களும் இருந்தனர். கரும்பால் செழித்த பிரேசிலின் பாஹியா மாநிலத்தில், சல்வதோர் நகரில், 1835 ஜனவரி 24ஆம் நாள் இரவு, ரமலானின் இறுதிப் பத்தில், ‘மலே’ என்று அழைக்கப்பட்ட ஆப்பிரிக்க முஸ்லிம்கள் விடுதலைக்காகக் கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. அவர்களிடமிருந்து அரபு எழுத்துகள் கொண்ட தாள்கள் கைப்பற்றப்பட்டன. அடிமை முறை ஒழிந்த இடங்களுக்கு ஒப்பந்தக் கூலிகள் அனுப்பப்பட்டனர். 1860 நவம்பரில் ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து நட்டாலின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது, அங்குள்ள கரும்புத் தோட்டங்களுக்கு நம் மக்களைச் சுமந்து கொண்டு. சர்க்கரையின் விலை குறைந்ததற்குப் பின்னால் இவ்வளவும் இருக்கிறது. அதன் பிறகு ஆலைகளும் இயந்திரங்களும் மீதியை முடித்தன. சுல்தானின் பெருநாள் மரத்திலிருந்த பொருள் இன்று நமது தேநீர்க் குவளையில் நாளொன்றுக்கு ஐந்து முறை விழுகிறது.

ஒருவர் நாள்தோறும் சேர்க்கும் சர்க்கரை மொத்த ஆற்றலில் பத்து விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும், ஐந்துக்குள் இருந்தால் இன்னும் நன்று என 2015இல் உலகச் சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது. ஐந்து விழுக்காடு என்பது ஏறத்தாழ 25 கிராம், ஆறு தேக்கரண்டி. குவளைக்கு இரண்டு கரண்டி வீதம் ஐந்து தேநீர் குடித்த நாம், மிட்டாயைக் கணக்கில் சேர்ப்பதற்கு முன்பே பத்துக் கரண்டியில் இருந்தோம். தேனும் இந்தக் கணக்கில் அடங்கும். பேரீச்சம்பழத்திலும் கவனம் தேவை. உலர்ந்த பேரீச்சையின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரையே. சில பழங்களால் நோன்பு திறப்பது சுன்னத். சுன்னத் என்று சொல்லி இருபது உண்பது நம் வயிற்றின் இஜ்திஹாத்.

நமக்கு வழி காட்டியது இமாம் கஸ்ஸாலீ (மறைவு 1111) அவர்களின் ‘இஹ்யா’. அதில் வயிற்றின் ஆசையையும் பாலுணர்வின் ஆசையையும் அடக்குவது பற்றித் தனி நூலே உண்டு. உணவைக் குறைக்க விரும்புவோருக்கு அவர் தரும் யோசனை வியப்பூட்டுவது. திடீரென நிறுத்தாதே என்கிறார். உடல் தாங்காது, துன்பமும் மிகும். நாள்தோறும் இரண்டு ரொட்டி உண்பவர் ஒன்றுக்கு இறங்க நினைத்தால், ஒரு ரொட்டியை இருபத்தெட்டு அல்லது முப்பது பங்காகக் கொண்டு, நாளுக்கு ஒரு பங்கு வீதம் குறைக்க வேண்டும். ஒரு மாதத்தில் ஒரு ரொட்டிக்கு வந்துவிடுவார். எடை போட்டும் குறைக்கலாம். கண்ணளவாக நாளுக்கு ஒரு கவளம் விட்டும் குறைக்கலாம். ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்பு எழுதப்பட்டது இது. அதற்கு முன்னர் நாம் மூன்று முறை மிட்டாயை ஒரேயடியாக நிறுத்திப் பார்த்து, மூன்று முறையும் நான்காம் நாளில் தோற்றிருந்தோம்.

இம்முறை வாரத்துக்கு ஒரு மிட்டாய் வீதம் குறைத்தோம். தேநீரில் இரண்டு கரண்டியை ஒன்றே முக்கால் ஆக்கினோம், பிறகு ஒன்றரை. நமது மனைவி, “இந்தக் கால் கரண்டியில் என்னங்க ஆகிவிடப் போகிறது?” என்று சிரித்தார். நாவுக்கு வேறுபாடு தெரியவில்லை. அதுதான் அந்த முறையின் சூட்சுமம். அஸருக்குப் பின் பசி மிகும்போதுதான் இனிப்பின் ஏக்கமும் மிகுகிறது என்பதையும் கண்டுகொண்டோம். அந்நேரத்தில் ஒரு கைப்பிடி அவித்த கொண்டைக்கடலை உண்ட நாட்களில் கை இழுப்பறையைத் தேடுவது பாதியாகக் குறைந்தது. இரவில் கண்விழித்த மறுநாள் ஏக்கம் இரட்டிப்பானது. திங்கள், வியாழன் நோன்புகள் உதவின. ஆனால் இஃப்தாரில் தவறினால் வந்த நன்மை அனைத்தும் போயிற்று. ஒரு வலீமாவில் பிரட் அல்வாவை மும்முறை வாங்கி உண்டதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறோம். மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தோம். ஐந்து மாதங்களில் நான்கரை கிலோ குறைந்துள்ளது. அல்ஹம்துலில்லாஹ். மருத்துவர் கேட்டதில் பாதியைச் சற்றே தாண்டியிருக்கிறோம்.

புட்டியை அகற்றிவிடலாமா என்றும் ஆலோசித்தோம். பிள்ளைகள் மனம் வாடுமே என்று விட்டுவிட்டோம். ஆனால் சூராவுக்கு ஒன்று என்பதை மாற்றி, ஒரு ஜுஸ்வு முடித்தால் ஒன்று என்று ஆக்கினோம். சிறு சூராக்களுக்கு இப்போது வறுத்த வேர்க்கடலை. முதல் வாரத்தில் முணுமுணுப்பு பலமாக இருந்தது.

சென்ற வியாழனன்று ஏழு வயதுப் பிள்ளை ஒன்று அம்ம ஜுஸ்வை முடித்தது. புட்டியைத் திறந்து நீட்டினோம். அது ஒன்றை எடுத்துக்கொண்டு, புட்டியை நம் பக்கம் திருப்பி, “ஹஜ்ரத், நீங்க எடுக்கலையா?” என்று கேட்டது. அந்த வாரக் கணக்கில் நமக்கு இன்னும் ஒன்று மீதம் இருந்தது. எடுத்துக்கொண்டோம்.