தகவமைப்பின் விலை: சி. கோபாலன் ஆய்வுகளில் உடல் எடை என்ற கேள்வி

1918-ஆம் ஆண்டு குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோய் குறித்த ஆய்வைத் தொடங்கினார். அதே ஆண்டு நவம்பரில் சேலத்தில் சி. கோபாலன் பிறந்தார். நீலகிரிச் சரிவில் தொடங்கிய அந்த ஒற்றையறை ஆய்வு, ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, 1969-இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. அதை 1961 முதல் 1974 வரை இயக்குநராக நடத்தியவர் கோபாலன். அவருடைய முக்கிய ஆய்வுகளைச் சேர்த்துப் படித்தால் ஒரே கேள்வி ஊடுபாவாக ஓடுகிறது: குறைந்த உணவுக்கு உடல் பழகிக்கொள்கிறது என்கிறோமே, அந்தப் பழக்கத்துக்கு உடல் கொடுக்கும் விலை என்ன?

மெக்காரிசனிடம் இந்தக் கேள்வி இல்லை. இந்தியாவின் பல்வேறு சமூகத்தினர் உண்ணும் உணவை அவர் எலிகளுக்குத் தனித்தனியே கொடுத்து எடைபோட்டார். கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி என்று சீக்கியர் உணவு தின்ற எலிகள் எடையில் முதலிடம் பெற்றன. சென்னை மாகாணத்து அரிசிச் சாப்பாட்டில் வளர்ந்தவை கடைசியில் நின்றன. பாலும் காய்கறியும் குறைந்த தட்டு உடலைத் தேய்க்கும் என்று இந்தச் சோதனை காட்டியது சரிதான். ஆனால் அதிலிருந்து இந்த இனம் வலியது, அந்த இனம் மெலியது என்ற முடிவுக்குத் தாவியதை ஏற்க முடியாது. அது காலனிய மனத்தின் பார்வை. 1935-இல் ஆய்வுக்கூடத்தின் இயக்குநராகப் பொறுப்பேற்ற வாலஸ் அய்க்ராய்ட் கவனத்தை அரிசியைப் பதப்படுத்தும் முறைக்குத் திருப்பினார். புழுங்க வைக்கும்போது தவிட்டிலுள்ள, பெரிபெரியைத் தடுக்கும் தயமின் என்ற வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுவதால், புழுங்கல் அரிசி உண்ணும் பகுதிகளில் பெரிபெரி அரிதாக இருந்தது. ஆலையில் தீட்டிய பச்சரிசியை நம்பிய வடசர்க்கார் மாவட்டங்களில் அது மிகுந்திருந்தது. நம் வீடுகளின் பழைய வழக்கம் ஒன்றுக்கு வேதியியல் சொன்ன விளக்கம் இது.

கோபாலன் குன்னூரில் செய்த தொடக்க ஆய்வுகளில் ஒன்று ஏழைத் தாய்மார்களின் தாய்ப்பாலைப் பற்றியது. அரைவயிற்று உணவில் இருந்தும் அவர்கள் பலமாதம் பால் கொடுத்தார்கள். பாலின் புரத அளவும் பெரிதாகக் குறையவில்லை. இதைத் தாய்மையின் மகிமை என்று பாராட்டிவிட்டு நகர்ந்திருக்கலாம். கோபாலன் நகரவில்லை. அந்தப் பால் தாயின் உடலிலிருந்தே எடுக்கப்படுகிறது என்பதில் அவர் பார்வை ஊன்றியது.

அடுத்தது குவாஷியோர்கர். 1930-களில் மேற்கு ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்டில் சிசிலி வில்லியம்ஸ் விவரித்த இந்த நோயில் குழந்தைக்கு உடல் வீங்கும், தோல் உரியும், முடி நிறம் மாறும். மராஸ்மஸ் என்ற இன்னொரு நோயில் குழந்தை எலும்பும் தோலுமாகும். முன்னதற்குக் காரணம் புரதக் குறைவு, பின்னதற்குக் காரணம் கலோரிக் குறைவு என்று உலகம் பிரித்து வைத்திருந்தது. உலக அமைப்புகள் புரத நெருக்கடி பற்றிப் பேசின. புரத மாவுகளும் பிஸ்கட்டுகளும் திட்டங்களாயின. கோபாலனும் அவர் குழுவினரும் நோயுற்ற குழந்தைகளின் வீட்டு உணவை விசாரித்தபோது இரண்டு நோய்க்கும் உணவில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. ஒரே மாதிரித் தட்டிலிருந்து ஒரு குழந்தை வீங்கியது, இன்னொன்று வற்றியது.

இதற்கு அவர் 1968-இல் முன்வைத்த விளக்கம் வளர்சிதை மாற்றத்தின் மொழியில் அமைந்தது. பட்டினியில் கார்டிசால் சுரப்பு உயர்ந்து, தசைப் புரதம் கரைந்து அமினோ அமிலங்களாகக் கல்லீரலைச் சேர்கிறது. கல்லீரல் அதைக்கொண்டு இரத்த அல்புமினைக் காக்கிறது. மராஸ்மஸ் குழந்தை தன் தசையைக் கொடுத்துத் தகவமைத்துக்கொள்கிறது. அந்தத் தகவமைப்பு முறிந்துபோன குழந்தைக்கு வீக்கம் வருகிறது. இந்தக் கருத்தில் பின்னாளில் மாற்றங்கள் சேர்ந்தன, மறுப்புகளும் வந்தன. ஆனால் தட்டில் இருப்பது மட்டுமே நோயைத் தீர்மானிப்பதில்லை, அதே உணவுக்கு வெவ்வேறு உடல்கள் வெவ்வேறு விதமாக எதிர்வினை தருகின்றன என்று இந்தியாவில் உறுதியாக எழுதப்பட்ட இடங்களில் இதுவும் ஒன்று. ஊட்டச்சத்தும் மரபணுவும் சந்திக்கும் பாதையின் முன்படி இது என்பது என் கருத்து.

குறை புரதத்தில் இல்லை என்பதற்குச் சான்று வேண்டுமே. 1973-இல் வெளியான ஆய்வில், ஒன்று முதல் ஐந்து வயதுவரை உள்ள குழந்தைகளுக்கு நாள்தோறும் ஏறத்தாழ 300 கலோரி கூடுதலாகக் கொடுத்தார்கள். கோதுமை மாவு, சர்க்கரை, எண்ணெய் சேர்ந்த இனிப்பு. புரதம் மூன்று கிராம்தான். பதினான்கு மாதங்களில் உயரமும் எடையும் தெளிவாகக் கூடின. குழந்தைக்குக் கிடைக்காதது விலையுயர்ந்த புரத மாவு அல்ல, போதுமான சோறு.

1980-களின் தொடக்கத்தில் தகவமைப்பின் விலை என்ற கேள்வி அரசியலாகவும் ஆனது. சிறிய உடலும் ஆரோக்கியமான உடல்தான் என்று பொருளியலாளர் டேவிட் செக்லர் வாதிட்டார். ஏழையின் குட்டை உருவம் ஒரு நல்ல தகவமைப்பு என்பது அதன் சாரம். 1982-இல் தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். அரசு சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியிருந்த காலம் அது. செக்லரின் வாதம் வென்றிருந்தால் பசியின் கணக்கேடு ஒரே நாளில் பாதியாகச் சுருங்கியிருக்கும். கோபாலன் 1983-இல் எழுதிய மறுப்பின் தலைப்பே கூர்மையானது: சிறியது ஆரோக்கியம் என்பது ஏழைகளுக்கு மட்டுந்தானா, பணக்காரர்களுக்கு இல்லையா? வளர்ச்சி குன்றுவது தகவமைப்பே என்றாலும், உழைப்புத் திறனிலும் அடுத்த தலைமுறையின் பிறப்பெடையிலும் அதற்கு விலை கொடுக்கப்படுகிறது என்றார். இன்று படித்தாலும் அந்த எழுத்தில் கோபம் தெரிகிறது, நியாயமான கோபம்.

அந்த விலையின் இன்னொரு பகுதியைப் பிறகு புனே காட்டியது. சி.எஸ். யாஜ்னிக் குழுவினர் அங்கே கிராமப்புறக் குழந்தைகளின் சராசரிப் பிறப்பெடை 2.7 கிலோ என்று அளந்தனர். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் அது 3.5 கிலோ. ஆனால் புனே குழந்தைகளிடம் தசை குறைந்த அளவுக்குத் தோலடிக் கொழுப்பு குறையவில்லை. தாயின் வயிற்றிலேயே தசையை விட்டுக்கொடுத்துக் கொழுப்பைக் காத்த உடல்கள் இவை. 2004-இல் யாஜ்னிக், ஜான் யுட்கின் என்ற லண்டன் மருத்துவரோடு தன் உடலையே ஒப்பிட்டுக் காட்டினார். இருவரின் உடல் நிறைக் குறியீடும் 22.3, கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. அதே ஆண்டில் உலக சுகாதார அமைப்பின் வல்லுநர் குழு, ஆசியர்களுக்கு 23-லிருந்தே எச்சரிக்கை தேவை என்றது.

சென்னையில் 2001-இல் தொடங்கிய நகர, ஊரக நோய்ப்பரவல் ஆய்வில் 26,001 பேர் பதிவானார்கள். அந்தத் தரவிலிருந்து வி. மோகன் குழுவினரும், சென்னையில் முனைவர் பட்டம் பெற்றுப் பின் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் ஊட்டச்சத்து மரபியல் பேராசிரியரான காரணி விமலேஸ்வரனும் உடல்பருமனோடு தொடர்புடைய எஃப்.டி.ஓ. மரபணுவின் சில வடிவங்களை ஆராய்ந்தனர். அவற்றைப் பெற்றவர்கள் எல்லோருக்கும் உடல் பருக்கவில்லை. 2016-இல் வெளியான கட்டுரையின்படி, மாவுச்சத்து மிக அதிகமாக உண்பவர்களிடம் உடல்பருமனோடு அவற்றின் தொடர்பு வலுத்தது. உடலுழைப்பு இல்லாதவர்களிடமும் வலுத்தது.

அந்த மாவுச்சத்து பெரும்பாலும் அரிசி. மெக்காரிசனின் கூண்டில் எலிகளை மெலியவைத்த தட்டில் முதன்மையாக இருந்ததும் அரிசிதான். கோபாலன் நூறு வயது நிறைந்து 2019 அக்டோபரில் மறைந்தபோது அந்த அரிசித் தட்டைப் பற்றிய பற்றாக்குறை, மிகுதி என்ற இரண்டு கேள்விகளும் ஒரே மருத்துவமனையின் இரண்டு வரிசைகளில் நின்றுகொண்டிருந்தன: ஒன்றில் எடை குறைவாகப் பிறந்த குழந்தையோடு தாய், மற்றொன்றில் இன்சுலின் வாங்க வந்த அவளுடைய தந்தை.