மாநாட்டுச் சாயங்காலங்கள்

ஆடிப் பதினெட்டை ஒட்டிக் கொல்லிமலைச் செம்மேட்டில் அரசாங்கம் நடத்தும் வல்வில் ஓரி விழாவுக்கு இரண்டு தடவை போயிருக்கிறேன். காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள். மேலே போய்ச் சேரும்போது வயிறு எந்தச் சொற்பொழிவையும் ஏற்கும் நிலையில் இருப்பதில்லை. இரண்டு தடவையும் மேடையில் பேசப்பட்டது எதுவும் ஞாபகத்தில் தங்கவில்லை. இருட்டத் தொடங்கியதும் முன்வரிசை நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியானதும், யார் எங்கே சாப்பிடப் போகிறார்கள் என்பதை வைத்தே யார் யார் என்று கணித்துவிட முடிந்ததும்தான் தங்கியிருக்கின்றன.

ஓரியின் மலையில் இப்படிப்பட்ட யோசனை வருவது பொருத்தம்தான். அவனைப் பற்றி வன்பரணர் பாடி, புறநானூற்றில் 152, 153 என்று வரிசையாக நிற்கும் இரண்டு பாடல்களும் உபசாரத்தைப் பற்றியவை. முதலாவதில், காட்டில் எதிர்ப்பட்ட வேட்டுவன் ஒருவன் முன்னால் பாணர் கூட்டம் இசைக்கிறது. புகழ்ந்தால் அவன் நாணுகிறான். பெயர் சொல்வதில்லை. அம்பில் விழுந்த மானின் தசையும், உருக்கிய நெய் போன்ற மதுவும், மலையில் விளைந்த பொன்னும் மணியும் கொடுத்து அனுப்புகிறான். விருந்தளித்தவன் பெயர் தெரியாமலே ஒரு விருந்து முடிகிறது. நம் காலத்தில் பந்தலின் நுழைவாயிலிலேயே அந்தப் பெயர் பத்தடி உயரத்தில் நிற்கும்.

இரண்டாவது பாட்டுதான் என்னை வெகுநாளாகத் தொந்தரவு செய்வது. யானைகளும் அணிகலன்களும் நீரில் பூக்காத மணிக் குவளையும் பெற்றுக்கொண்ட கூத்தர்கள், பசியே இல்லாமல் போனதாலோ என்னவோ, வாத்தியங்கள் முழங்கியும் ஆடமாட்டாதவர்களாய், பாட்டையும் மறந்துபோனார்கள் என்கிறார் புலவர். இதைக் கொடையின் சிறப்பாகவே படிக்க வேண்டும். வன்பரணரின் உத்தேசமும் அதுவாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு கவிஞன் இந்த வரிகளை வேறு மாதிரியும் படிக்க நேர்கிறது.

நமது கட்சி மாநாடுகளின் சரித்திரம் தீர்மானங்களை வைத்தே எழுதப்படுகிறது. முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், ஏகமனதாக நிறைவேறியது. கூட்டம் கலைந்த பிறகு நடந்த இரவுகளுக்கு அதில் இடமில்லை. 1886-ல் கல்கத்தாவில் கூடிய இரண்டாவது காங்கிரஸின் பிரதிநிதிகளை வைஸ்ராய் டஃபரின் தம் மாளிகைத் தோட்டத்துக்கு விருந்துக்கு அழைத்தார். காங்கிரஸ்காரர்களாக அல்ல, தலைநகருக்கு வந்திருக்கும் கண்ணியமான விருந்தாளிகள் என்ற முறையில். இந்த வித்தியாசத்தின் நுட்பம் ரசிக்கத் தக்கது. கட்சியை வாசலில் கழற்றி வைத்துவிட்டு மனிதர் மட்டும் உள்ளே வரலாம். இரண்டே வருஷம் கழித்து, 1888 நவம்பரில், அதே டஃபரின் காங்கிரஸை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்க்க வேண்டிய சிறுபான்மை என்று ஏளனம் செய்தார். அதைச் சொன்ன இடமும் ஒரு விருந்துதான். கல்கத்தா ஸ்காட்லாந்துக்காரர்களின் வருஷாந்திர விருந்து.

இடையில் 1887 டிசம்பரில் சென்னை. பத்ருதீன் தயாப்ஜி தலைவர், சர் டி. மாதவராவ் வரவேற்புக் குழுத் தலைவர், அறுநூறுக்கு மேல் பிரதிநிதிகள். செலவுக்கான பணத்தில் ஒரு பகுதி ஓரணா, இரண்டணா என்று சாதாரண ஜனங்களிடம் வசூலானது. வீரராகவாச்சாரியார் தமிழில் எழுதிய காங்கிரஸ் வினாவிடை ஊர் ஊராகப் போயிருந்தது. தன்னை மறைமுக ராஜத்துரோகி என்று ஒருவர் சொன்னதாக எர்ட்லி நார்ட்டன் அந்த மேடையில் பெருமிதத்தோடு அறிவித்தார். மாநாட்டை ஒட்டியே கவர்னர் கன்னிமரா பிரபு பிரதிநிதிகளை அழைத்து உபசரித்தார். ஓரணா கொடுத்தவன் அங்கே போயிருக்க மாட்டான் என்று ஊகிக்க ஆதாரம் தேவையில்லை. நார்ட்டன் விஷயம் தனி: இருபது வருஷத்துக்குப் பிறகு அலிப்பூர் வழக்கில் அரவிந்தருக்கு எதிராக அரசாங்கத் தரப்பில் வாதாடியவர் அவரேதான்.

இவை துரைமார்கள் வைத்த விருந்துகள். நம்மவர்கள் தங்களுக்குள் எப்படிச் சாப்பிட்டார்கள் என்பதற்கு 1901-ஆம் வருஷக் கல்கத்தா காங்கிரஸைப் பார்க்க வேண்டும். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்து அதற்குப் போன காந்தி தம் சுயசரிதையில் அதை விவரித்திருக்கிறார். அவர் தங்கிய இடம் ரிப்பன் கல்லூரி. திலகரும் அங்கேதான். கட்டிலில் அமர்ந்தபடி திலகர் நடத்திய தர்பாரும், வந்து போனவர்களின் வெடிச்சிரிப்பும் அதில் உண்டு. மற்றவர்களிடமிருந்து ஒதுக்கமாக, தமிழ்ப் பிரதிநிதிகளின் சமையலறை. சாப்பிடும்போது பிறர் கண்ணில் பட்டாலே தீட்டு என்பதால் கல்லூரி வளாகத்தில் தட்டி கட்டி மறைத்துத் தனியாக உண்டாக்கியது. உள்ளே மூச்சு முட்டும் புகை. சமைப்பதும் சாப்பிடுவதும் கைகழுவுவதும் அதற்குள்ளேயே; வெளிவழி இல்லாத ஒரு பெட்டி போல. காங்கிரஸின் பிரதிநிதிகளிடையே இவ்வளவு தீண்டாமை என்றால் அவர்களை அனுப்பியவர்களிடையே எவ்வளவு இருக்கும் என்று காந்தி கணக்குப் போட்டுப் பார்க்கிறார்.

அந்தத் தட்டிக்குள் இருந்தவர்களைக் கேலி செய்வது சுலபம். பகலில் தேசம் ஒன்று என்று கை தூக்கிவிட்டு, இரவில் புகையில் கண் எரியத் தனியே சாப்பிட்டவர்கள். அவர்கள் பாசாங்கு செய்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. இரண்டையும் மனப்பூர்வமாகவே செய்திருப்பார்கள், அதுதான் பயங்கரம். இருபத்து மூன்று வருஷத்துக்குப் பிறகு சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி என்று தெரிந்து தமிழ்நாட்டுக் காங்கிரஸ் பிளந்தபோது, கிளம்பியது அந்தப் பழைய புகைதான். 1925 நவம்பர் காஞ்சிபுரம் மாநாட்டில், வகுப்புரிமைத் தீர்மானத்துக்குத் திரு.வி.க. அனுமதி மறுக்க, பெரியார் வெளியேறினார். சரித்திரம் தீர்மானத்தைச் சொல்லும். பந்தி அதற்கு முன்பே பிரிந்திருந்தது.

நீதிக் கட்சியின் சாயங்காலங்கள் தோட்டத்திலும் கிளப்பிலும் கழிந்தன. ஜமீன்தார்கள், ராவ்பகதூர்கள், தேநீர்க் கோப்பைகள். இதற்கு முடிவு கட்டப்பட்ட இடம் கொல்லிமலை அடிவாரத்திலிருந்து தூரமில்லை: சேலம், 1944 ஆகஸ்ட் 27. அன்று கொல்லிமலையும் சேலம் ஜில்லாவைச் சேர்ந்ததுதான். பெயர் திராவிடர் கழகம் என்று மாறியது. பட்டங்களையும் அரசாங்க நியமனப் பதவிகளையும் ஜாதி வாலையும் துறக்கச் சொன்னது அண்ணாதுரை தீர்மானம். பி.டி. ராஜன் முதலியோர் பழைய பெயரோடு ஒதுங்கிக்கொண்டார்கள். கொள்கைக் காரணங்கள் இருந்தன. ஆனால் பெஞ்சில் உட்கார்ந்து சோடா குடிப்பவர்களோடு தங்கள் சாயங்காலங்களைக் கழிக்க முடியாது என்பதும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும். புதியவர்களின் மாநாட்டு இரவு வேறு தினுசு. தேநீர் விருந்தின் இடத்தில் நாடகம் வந்தது. அண்ணாதுரை தாமே எழுதித் தாமே வேடம் கட்டினார். தரையில் உட்கார்ந்தவனும் இரவில் பங்கு பெற்றான். இந்த நூற்றைம்பது வருஷத்தில் நடந்த ஒரே நல்ல மாறுதல் இது என்றுகூடச் சொல்வேன். பிறகு கவியரங்கமும் வந்தது. என் கதை அங்கேதான் தொடங்குகிறது.

எழுபதுகளின் கடைசியில் ஒரு கட்சியின் ஜில்லா மாநாட்டுக் கவியரங்கத்துக்கு என் நண்பனை அழைத்திருந்தார்கள். புதுக்கவிதை எழுதுகிறவன். துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனான். அவன் கவிதையில் கீழவெண்மணி பற்றி ஒரு பகுதி இருந்தது. 1968 டிசம்பர் 25 இரவு ஒரே குடிசைக்குள் வெந்துபோன நாற்பத்து நான்கு பேர். பஸ்ஸில் எனக்குப் படித்துக் காட்டினான். அவன் எழுதியதில் அதுவே சிறந்தது என்று அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன்.

முந்தின இரவு உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர் வீட்டில் சாப்பாடு. நஞ்சை நிறைய உள்ளவர். மிகவும் நல்ல மனிதர். தாமே இலைக்கு இலை நின்று, "தம்பி, கூச்சப்படாதீங்க" என்று பரிமாறினார். கவிதை பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் நண்பன் ஊர், குடும்பம், தங்கை கல்யாணம் எல்லாம் விசாரித்தார், உண்மையான அக்கறையோடு. திண்ணையில் வெற்றிலை போட்டபடி நள்ளிரவு வரை பேசிக்கொண்டிருந்தோம்.

மறுநாள் அவன் கவிதை வாசித்தான். வெண்மணி வரவில்லை. முன்னும் பின்னும் இருந்த வரிகள் தையல் தெரியாமல் சேர்ந்துகொண்டன, கைத்தட்டல் வந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தான். அந்தப் பகுதியை யாராவது எடுக்கச் சொன்னார்களா என்று நான் கேட்கவில்லை. யாரும் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். முந்தின இரவு அவன் பக்கத்து இலையில் உட்கார்ந்து, இரண்டாம் தடவையும் கறி கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டவன் நான்.