பழவேற்காட்டுத் துணியும் பண்டா தீவின் ஜாதிக்காயும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு தினமும் வேலைக்குப் போற பல பேருக்கு, பக்கத்துல இருக்கிற பழவேற்காடுன்னா இறால், நண்டு, பூநாரை, அப்புறம் ஒரு படகு சவாரி. ஆனா 400 வருஷத்துக்கு முன்னாடி, கடல் கடந்து போய் அடுத்தவன் மண்ணைப் பிடிக்கலாமா கூடாதான்னு ஒரு பெரிய சண்டை நடந்தது. அதுல இந்த ஊருக்கும் பங்கு உண்டு.

1602-இல் டச்சு கிழக்கிந்திய கம்பெனி தொடங்கியது. பேருக்குத்தான் கம்பெனி. ஒப்பந்தம் போட, கோட்டை கட்ட, படை வைக்க, போர் நடத்த எல்லாத்துக்கும் அரசு அனுமதி கொடுத்திருந்தது. விஜயநகர ஆட்சியாளர்களிடம் அனுமதி வாங்கிப் பழவேற்காட்டில் கடை விரித்தார்கள். 1612-இல் போர்த்துகீசியர் வந்து அதை அடித்து நொறுக்க, 1613-இல் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது.

ஏன் இந்த ஊர்? காரணம் துணி. ஜாதிக்காய் அப்போ விளைந்தது இந்தோனேசியாவின் பண்டா தீவுகளில் மட்டும்தான். அந்தத் தீவு மக்களுக்கு ஐரோப்பாவின் கம்பளி எதுக்கு? அவங்க கேட்டது சோழமண்டலத்துப் பருத்தித் துணி. இந்தக் கரை இல்லாம மசாலா வியாபாரமே செத்துடும்னு கம்பெனி அதிகாரி ஹெண்ட்ரிக் பிரவுவர் 1612-லயே சொல்லிட்டார்.

இப்போ வாதத்துக்கு வருவோம். கடல் எல்லாருக்கும் பொதுன்னு 1609-இல் புத்தகம் போட்டவர் ஹூகோ குரோஷியஸ் என்ற டச்சு சட்ட அறிஞர். கம்பெனிக்கு ஆதரவா எழுதினதுதான் அது. 1613-இல் அவரே லண்டன் போய், மசாலாத் தீவுகளில் ஆங்கிலேயர் வியாபாரம் பண்ணக் கூடாதுன்னு வாதாடினார். ஆங்கிலேயர் அவர் புத்தகத்தையே எடுத்து அவருக்குப் படிச்சுக் காட்டினாங்க!

கம்பெனிக்குள்ளயும் இதே சண்டை. போர் இல்லாம வியாபாரம் இல்லை, வியாபாரம் இல்லாம போர் இல்லைன்னு 1614-இல் எழுதினவர் யான் பீட்டர்சோன் கூன். தலைமை ஆளுநரா இருந்த லாரன்ஸ் ரெயால் சட்டம் படிச்சவர். அவர் இதை ஏத்துக்கல. தேவையான அரிசியும் துணியும் நாமும் கொடுக்காம, வேற யார்கிட்டயும் வாங்காதேன்னு தீவு மக்களை மிரட்டுறது அநியாயம்னு வாதாடினார்.

ஜெயிச்சது கூன். 1619-இல் ரெயாலின் பதவி அவருக்கு வந்தது. 1621-இல் பண்டா மேல் படையெடுத்தார். 44 ஊர்த் தலைவர்களின் தலை வெட்டப்பட்டது. மக்களில் பெரும்பாலோர் செத்தார்கள், தப்பி ஓடினார்கள், அல்லது அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டார்கள். ஜாதிக்காய்த் தோட்டங்களில் அடிமைகளை வைத்து வேலை வாங்கினார்கள். கொஞ்சம் நிதானமா நடந்திருக்கலாம்னு இயக்குநர்கள் முணுமுணுத்தாங்க. ஆனா தீவைத் திருப்பிக் கொடுக்கல. கூனுக்கு இரண்டாவது முறையும் அதே பதவியைக் கொடுத்தாங்க.

அதே 1620-களில் பழவேற்காட்டிலிருந்து துணி மட்டும் போகல. பஞ்சத்துல அடிபட்டு விற்கப்பட்ட நம்ம மக்களும் பத்தாவியாவுக்கு அடிமைகளாகக் கப்பலேறினாங்க.

அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான்னு இன்னைக்கும் சிலர் சொல்வாங்க. அது சரியில்லை. இது தப்புன்னு அந்தக் காலத்துலயே, அந்தக் கம்பெனியோட உச்சப் பதவியில இருந்தவரே சொன்னார். கேட்டாங்க, கணக்கு போட்டாங்க, லாபம் பக்கம் போனாங்க.

கூன் பிறந்த ஹோர்ன் நகரில் 1893-இல் வைத்த சிலை வேணுமா வேண்டாமான்னு இன்னும் சண்டை நடக்குது. இங்கே கெல்ட்ரியா கோட்டை இடிஞ்சு மேடாயிடுச்சு. டச்சுக் கல்லறைகளை மட்டும் தொல்லியல் துறை பாதுகாக்குது. கல்லில் பேர், தேதி எல்லாம் இருக்கு. கப்பலேத்தப்பட்டவங்களுக்கு அங்கே ஒரு கல்லும் இல்லை. அடுத்த முறை இறால் சாப்பிடப் போனா, அதையும் ஒரு நிமிஷம் யோசிங்க.