காவலூரும் கல்பாக்கமும்: ஒரு கோடை ஒப்பீடு

ஜவ்வாது மலைமேல் இருக்கும் காவலூரும் வங்கக் கடலோரத்தில் இருக்கும் கல்பாக்கமும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில், 12.5 டிகிரி வடக்கை ஒட்டி அமைந்தவை. நேர்கோட்டில் அளந்தால் இடைவெளி 150 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஏப்ரல் நான்காம் வாரத்தில் சூரியன் இரண்டு ஊருக்கும் நேர் உச்சியில் நிற்கும். பெறுகிற வெயில் ஒன்றுதான். ஆனால் மார்ச் முதல் மே வரையிலான கோடையை இந்த இரண்டு ஊர்களும் வேறு வேறு விதமாக அனுபவிக்கின்றன. நாம் அன்றாடம் கேட்கும் வானிலை அறிவிப்பில் இந்த வேறுபாட்டுக்கு இடமே இல்லை.

கடற்கரையிலிருந்து தொடங்கலாம். காலை பத்து மணிக்கே தரை சுட்டுவிடும். கடல் அவ்வளவு விரைவில் சூடேறாது. தரைமேல் காற்று லேசாகி மேலெழ, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று உள்ளே வரும். நண்பகலை ஒட்டிக் கடற்காற்று வந்துவிட்டால் வெப்பம் அதற்குமேல் ஏறாது. வராத நாளில்தான் ஆபத்து. மே மாதக் கடைசியில் மேற்கிலிருந்து தரைக்காற்று பலமாக வீசும்போது கடற்காற்றால் கரையேற முடிவதில்லை. 2003 மே 31 அன்று சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி செல்சியஸ் பதிவானதை நினைத்துப் பாருங்கள். கடலோர நகரம் ஒன்றில், கத்திரி முடிந்த பிறகு, அந்த அளவு வெப்பம்!

ஆனால் கடலோரத்தின் அன்றாடத் துன்பம் அந்த 45 டிகிரி அல்ல. புழுக்கம்தான். கடற்காற்று வெப்பத்தைக் குறைக்கும்போதே ஈரத்தையும் கொண்டுவந்து சேர்க்கிறது. வெப்பம் 32 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் உடம்புக்கு அது சுமார் 41 டிகிரி போல உறைக்கும். அதே 32 டிகிரியில் ஈரப்பதம் 40 சதவீதம்தான் என்றால் 33ஐத் தாண்டியதாகத் தோன்றாது. வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். காற்றே ஈரமாக இருந்தால் வியர்வை வழியுமே தவிர ஆவியாகாது. இரவிலும் விடுதலை இல்லை. பகலில் தரை வாங்கிய வெப்பம் வானத்துக்குத் திரும்பிப் போகவிடாமல் காற்றிலுள்ள நீராவி தடுத்துவிடுகிறது. சித்திரை இரவில் கடலோரத்து ஓட்டு வீட்டில் படுத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மலைக்கு வருவோம். காவலூர் கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரம். ஒரு கிலோமீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு, கடற்கரையைவிட மலை நடுப்பகலில் மிகவும் குளிர்ச்சியாக இருக்கும் என்று எண்ணினால் ஏமாற்றம்தான். ஜவ்வாது மலையைச் சுற்றியிருப்பது கடல் அல்ல. வேலூர், திருவண்ணாமலை, திருப்பத்தூர் சமவெளிகள். தமிழ்நாட்டிலேயே கடுமையாகக் கொதிக்கும் நிலம் அது. அந்தச் சூட்டிலிருந்து சில டிகிரி கழித்துதான் மலையின் பகல் வெப்பம். ஆகவே ஏப்ரல் நண்பகலில் கல்பாக்கத்து வெப்பமானியும் காவலூர் வெப்பமானியும் காட்டும் எண்களுக்கு நடுவே பெரிய தூரம் இருக்காது.

வேறுபாடு தெரிவது பொழுது சாய்ந்த பிறகு. மலைக்காற்று வறண்டது, வானம் தெளிந்தது. பகலில் வாங்கிய வெப்பம் இரவில் தங்குதடையின்றி வெளியேறிவிடும். பங்குனிப் பின்னிரவில் அங்கே போர்வை தேடுவார்கள். வானியல் அறிஞர் வைணு பாப்பு 1960களில் இந்த மலையைத் தேர்ந்தெடுத்ததும், 1986இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி இங்கே இயங்கத் தொடங்கியதும் இத்தகைய தெளிந்த இரவுகளை நம்பித்தான்.

அதே வறட்சிக்கு இன்னொரு முகமும் உண்டு. மாசி முதல் இலையுதிர்த்து நிற்கும் காட்டில் ஒரு பீடித்துண்டு போதும். வனத்துறை ஆண்டுத் தொடக்கத்திலேயே தீத்தடுப்புக் கோடுகளை வெட்டி வைப்பது இதற்காகத்தான். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களில் 20க்கும் மேற்பட்டோர் காட்டுத்தீயில் இறந்தார்கள். அது மேற்குத் தொடர்ச்சி மலை என்றாலும், காய்ந்த புல்லும் சரிவில் ஏறும் காற்றும் எந்த மலையிலும் தீயை அப்படித்தான் ஓட்டும். கரையோரத்தில் கோடையின் அபாயம் ஈரம். மலையில் அது ஈரமின்மை.

இனி மழை. தமிழ்நாட்டுக்குக் கோடையில் கிடைப்பது சுமார் 12 சென்டிமீட்டர்தான்; ஆண்டு மொத்தத்தில் ஏழில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அது எந்த வாரத்தில் பெய்கிறது என்பதில் பல குடும்பங்களின் வருமானம் இருக்கிறது. மரக்காணம் உப்பளத்தில் பாத்தி கட்டி, நீர் வற்றி, உப்பு பூத்து வரும் நேரத்தில் ஒரு கோடை மழை பெய்தால் அத்தனை நாள் உழைப்பும் கரைந்துபோகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் கரையில் கிடக்கும். அந்த மீனவர்களை இந்த மழை அவ்வளவாகப் பாதிப்பதில்லை.

மலையில் கணக்கு இன்னும் நுட்பமானது. மாசி, பங்குனி புளி உலுக்கும் காலம். மலையாளிப் பழங்குடிப் பெண்கள் பாறைமேல் புளியைப் பரப்பிக் காயவைத்து, ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை எடுக்கிறார்கள். அப்போது ஒரு மழை நனைத்தாலும் புளி கறுத்துவிடும். கறுத்த புளிக்கு வியாபாரி சொல்வதுதான் விலை. அதே மழை ஒரு மாதம் கழித்து, சித்திரைக் கடைசியில் பெய்தால் வரம். மண் இளகும், கோடை உழவு நடக்கும், சாமை விதைப்புக்கு நிலம் தயாராகும்.

இந்த மழையில்தான் இரண்டு ஊர்களும் தொடர்புகொள்கின்றன. பிற்பகலில் உள்நாட்டுக்குள் நகரும் கடற்காற்றின் ஈரமும் மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்றும் சந்திக்கும்போது, சூடேறிய மலைச்சரிவு அந்தக் காற்றை மேலே தள்ளுகிறது, இடிமேகம் எழுகிறது. மேல்காற்று மேற்கிலிருந்து வீசும் சில நாள்களில், மலைப்பக்கம் மாலையில் இடித்த மேகம் இரவில் கரையோரம்வரை வந்து பெய்வதும் உண்டு. மலையில் பெய்த நீரும் செய்யாறாக ஓடிப் பாலாற்றில் கலந்து கல்பாக்கத்துக்கு அருகில் கடல் சேர்கிறது.

இந்திய வானிலைத் துறையின் வரையறையே இந்த நிலங்களைப் பிரித்துத்தான் பார்க்கிறது. வெப்ப அலை என்று சொல்லச் சமவெளியில் 40 டிகிரி, கடலோரத்தில் 37, மலையில் 30 எட்டியிருக்க வேண்டும், இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்கவும் வேண்டும். ஆனால் மக்கள் காதில் விழுவதோ மாவட்ட அறிவிப்பு. ஜவ்வாது மலை மூன்று மாவட்டங்களுக்குப் பங்கு போடப்பட்டிருக்கிறது. ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலையில், காவலூர் திருப்பத்தூரில். அந்த மாவட்டங்களின் வெப்பம் என்று சொல்லப்படுவது பெரும்பாலும் சமவெளியின் வெப்பம். புழுக்கத்தைச் சொல்லாத அறிவிப்பு கடலோரத்தில் ஆபத்தைக் குறைத்துக் காட்டுகிறது. மலையில் வேறோர் ஊரின் ஆபத்தைச் சொல்கிறது.

2024 அக்டோபரில் ஊராட்சி அளவிலான முன்னறிவிப்பு தொடங்கியிருக்கிறது. நல்ல ஏற்பாடு. கைப்பேசிச் சிக்னல் சீராகக் கிடைக்காத மலைக் கிராமங்களுக்கு அது குரலாகப் போய்ச் சேர வேண்டும்: புளி காயும் மாதத்தில் மழை, காடு காயும் மாதத்தில் காற்று, சித்திரையில் இடி மின்னல் என்று அவர்களுக்கு வேண்டியதைச் சொல்ல வேண்டும். ஊராட்சி ஒலிபெருக்கியும் வானொலியும் இதற்குப் போதும். கடலோர வாசகர்கள் இந்தக் கோடையில் அதிகபட்ச வெப்பத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் ஈரப்பதத்தையும் இரவு வெப்பத்தையும் சேர்த்துப் பாருங்கள். வீட்டில் முதியவர்கள் இருந்தால் தவறாமல் பாருங்கள்.