சர்க்கரைக்கொல்லியும் சாக்கரினும்

சில ஆண்டுகளுக்கு முன், அழகர்மலை அடிவாரத்தில் மூலிகை விற்கும் மூதாட்டி ஒருத்தி என் கையில் ஒரு பச்சிலையைக் கொடுத்து மெல்லச் சொன்னாள். கைத்தது. "இப்ப இந்தச் சக்கரையைத் தின்னு பாருங்கய்யா" என்று ஒரு சிட்டிகை எடுத்து நீட்டினாள். வாயில் இட்டேன், வைகை மணலை இட்டது போல் இருந்தது. இனிப்பு என்பதே இல்லை. கூடையிலிருந்த மாங்காய்க் கீற்றைக் கடித்தபோது புளிப்பும் உப்பும் மட்டும் வழக்கம்போல் தெரிந்தன. அரை மணி நேரத்துக்கும் மேல் சென்ற பின்னரே நாக்கு தன் நிலைக்குத் திரும்பிற்று.

அந்த இலை சிறுகுறிஞ்சான். சர்க்கரைக்கொல்லி என்று நம் மக்கள் அதற்கு இட்ட பெயர் எத்துணைப் பொருத்தம்! 1847ஆம் ஆண்டில் எட்ஜ்வொர்த் என்னும் ஆங்கில அதிகாரி, இதை மென்றபின் தம் தேநீரில் இனிப்புத் தெரியாமற் போனதைக் கண்டு எழுதினார். உதகமண்டலத்தில் சென்னை அரசாங்கத்தின் கொயினா ஆய்வாளராக இருந்த டேவிட் ஹூப்பர், 1887இல் இலையை ஆராய்ந்து, இனிப்பை மறைக்கும் பொருளைப் பிரித்தெடுத்து அதற்கு ஜிம்னிமிக் அமிலம் என்று பெயரிட்டார்.

இலையை மென்றவன் வயிற்றுக்குள் சர்க்கரை போகிறது. இனிப்பு மட்டும் போவதில்லை. இதற்கு நேர் எதிரான வேலையையும் மனிதன் செய்து பார்த்திருக்கிறான்: இனிப்பை மட்டும் அனுப்பிச் சர்க்கரையை நிறுத்திவிடுவது. அவ்வாறு செய்தால் பசி என்ன ஆகும்? மாணவ நண்பர்களே, இன்று நாம் காண விரும்புவது இதனையே.

முன்னாளில் மதுரைச் சீமையில் இனிப்பும் உணவும் பிரிந்து நின்றதில்லை. பனையோலைப் பட்டையில் குடித்த பதநீரில் நூற்றுக்குப் பத்துப் பங்களவு சர்க்கரை உண்டு. வெயிலில் நடந்து வந்த உழவனுக்கு அது பானமும் ஆயிற்று, பாதி உணவும் ஆயிற்று. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளில், வழிநெடுகப் பந்தலிட்டு வார்க்கும் பானகத்திலும் வெல்லமே கரைந்திருக்கும். பின்னர்ச் சோடா வந்தது. இலண்டனில் ஹைரம் காட் என்பவர் 1872இல் உரிமைபெற்ற கோலிக்குண்டுப் புட்டி நம் தெருக்களைப் பிடித்துக்கொண்டது. மதுரைக்குத் தெற்கே விருதுபட்டியில், இன்றைய விருதுநகரில், 1916ஆம் ஆண்டு பழனியப்ப நாடார் காளிமார்க் நிறுவனத்தைத் தொடங்கினார். இவையாவும் சர்க்கரையின் வரலாறு.

சாக்கரின் பிறந்த கதை வேறு. 1879இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், பேராசிரியர் ஐரா ரெம்சனின் ஆய்வுக்கூடத்தில் கான்ஸ்டன்டின் ஃபால்பெர்க் என்பவர் கரித்தாரிலிருந்து கிடைக்கும் பொருள்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். கையைச் சரிவரக் கழுவாமல் உணவருந்த அமர்ந்தவருக்கு ரொட்டி தித்தித்ததாம். (ஆய்வுக்கூட ஒழுக்கத்துக்கு இது நல்ல முன்மாதிரியன்று.) சர்க்கரையைக் காட்டிலும் ஏறத்தாழ 300 மடங்கு இனிப்பு; ஊட்டமோ துளியும் இல்லை. முதல் உலகப்போரில் சர்க்கரை அருகியபோது ஐரோப்பாவில் அது பெரிதும் பரவிற்று. நம் ஊரிலும் பள்ளி வாசலில் குச்சி ஐஸ் தின்றவர்கள், தொண்டையில் தங்கும் அந்தக் கசப்பு கலந்த தித்திப்பை மறந்திருக்க மாட்டார்கள். விலை மலிவு என்பதே அங்கே காரணம்; உடல் நலம் அன்று. 1954இல் உணவுக் கலப்படத் தடைச் சட்டம் வந்தபின், செயற்கை இனிப்புகளுக்கு அதன்கீழ் வரம்பு கட்டினார்கள்.

உடல் மெலிவதற்கென்று குடிக்கும் பானம் அதற்கும் பிந்தியது. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஹைமன் கிர்ஷ் என்பவர் 1952இல் நீரிழிவு நோயாளிகளுக்காகச் சர்க்கரையற்ற சோடா ஒன்றைச் செய்தார். நோயாளிகளுக்கென்று பிறந்தது, பத்தாண்டுகளுக்குள் மெலிய விரும்புவோர் பானமாக மாறிவிட்டது. 1965இல் அஸ்பார்ட்டேம் கண்டறியப்பட்டது. 1976இல் இலண்டனில் சஷிகாந்த் பட்னிஸ் என்னும் இந்திய மாணவர், ஒரு பொருளைச் 'சோதித்துப் பார்' என்று ஆங்கிலத்தில் சொன்னதைச் 'சுவைத்துப் பார்' என்று கேட்டு, நாவில் வைத்துவிட்டார். சுக்ரலோஸ் அவ்வாறு தெரியவந்தது.

300 மில்லிலிட்டர் கோலாவில் சுமார் 30 கிராம் சர்க்கரை இருக்கும். அதை நீக்கினால் 120 கலோரி மிச்சம். கணக்குப் பிழையற்றது; உடல் அந்தக் கணக்கை ஒப்புக்கொள்கிறதா என்பதே கேள்வி. 1986இல் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் பிளண்டலும் ஆண்ட்ரூ ஹில்லும், சிலருக்குக் குளுக்கோஸ் நீரும் சிலருக்கு அஸ்பார்ட்டேம் நீரும் கொடுத்து அவர்கள் பசியை விசாரித்தார்கள். குளுக்கோஸ் பசியைத் தணித்தது. அஸ்பார்ட்டேமோ உண்ணும் விருப்பத்தைத் தணிக்காமல் விட்டது. 2008இல் பர்டியூ பல்கலைக்கழகத்தில், சாக்கரின் கலந்த தயிர் உண்ட எலிகள், குளுக்கோஸ் கலந்த தயிர் உண்டவற்றைவிட அதிகம் தின்று அதிகம் பருத்தன. இனிப்பு என்பது உணவு வருகிறது என்னும் முன்னறிவிப்பு. அறிவிப்பு பலமுறை பொய்த்தால் உடல் அதை நம்புவதை விட்டுவிடுகிறது என்பது அவ்வாய்வாளர் கருத்து.

எனினும் எலியின் சாட்சியைக் கொண்டு மனிதனுக்குத் தீர்ப்பு எழுதிவிட முடியாது. சர்க்கரைப் பானத்துக்கு மாற்றாக இவற்றைக் கொடுத்து மனிதரில் நடத்திய பல சோதனைகளில், உண்ணும் அளவு கூடவில்லை. சில மாதங்களில் எடை சற்றுக் குறைந்தும் இருக்கிறது. பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளோ வேறு திசையைக் காட்டுகின்றன. ஆனால் பருத்தவர்களே இப்பானத்தை நாடுகிறார்கள் என்றால், காரணம் எது, விளைவு எது? இவ்விரண்டையும் எடைபோட்டபின், உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதத்தில், உடல் எடையைக் கட்டுப்படுத்த இவ்வினிப்புகளை நாட வேண்டாம் என்று பரிந்துரைத்தது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அப்பரிந்துரை பொருந்தாது என்றும் குறித்தது. நீரிழிவு மலிந்த நம் நாட்டில் இந்த விலக்கைச் சேர்த்தே படிக்க வேண்டும்.

சர்க்கரையும் சாக்கரினும் நாவில் தட்டுவது ஒரே கதவைத்தான். அக்கதவின் அமைப்பை, இனிப்பை உணரும் புரதத்தை, 2001ஆம் ஆண்டளவில் அறிஞர்கள் இனங்கண்டனர். சிறுகுறிஞ்சான் அடைப்பதும் அதே கதவையே. ஆதலால் அந்த இலையை மென்றவனுக்குச் சர்க்கரை மட்டுமன்றி, டயட் பானமும் தித்திப்பதில்லை.