இரு நிலவுப் பயணங்கள், இரு பிரஸ் கிட்டுகள்

ஒரு நிறுவனம் செய்தியாளருக்குத் தரும் பிரஸ் கிட் நல்லதா இல்லையா என்பது எல்லாம் திட்டப்படி நடக்கும் நாளில் தெரியாது. அன்று கையில் கொடுத்த எந்தக் காகிதமும் போதும். திட்டம் பிசகும் இரவில், பதிப்பு அச்சுக்குப் போக அரை மணி நேரமே இருக்கும்போது, அந்தச் செய்தியாளர் புரட்டிப் பார்க்க ஒரு பக்கம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இந்தக் கேள்வியோடு அப்பல்லோ 11, சந்திரயான்-3 ஆகிய இரு பயணங்களுக்கும் வெளியான தொகுப்புகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

1969 ஜூலை 6 அன்று, ராக்கெட் புறப்படப் பத்து நாள் இருக்கையில், நாசா தன் பிரஸ் கிட்டை வெளியிட்டது. தட்டச்சில் அடித்த சுமார் 250 பக்கங்கள். அலங்காரம் எதுவும் இல்லை. பெருமை பேசும் அடைமொழிகளும் அதில் குறைவு. நாசாவின் மக்கள் தொடர்புப் பிரிவை அப்போது நடத்திய ஜூலியன் ஷியர் முன்னாள் பத்திரிகையாளர். செய்தி எழுதுகிறவனுக்கு என்ன தேவை என்பது தெரிந்தவர்களின் கை அந்தப் பக்கங்களில் தெரிகிறது. ஒவ்வொரு கட்டமும் புறப்பட்டதிலிருந்து எத்தனையாவது மணியில் வரும், அப்போது அமெரிக்கக் கிழக்குக் கரையில் மணி என்ன என்று பட்டியல் இருக்கிறது. வீரர்களின் உயரம், எடை, கண்ணின் நிறம் வரை உண்டு. நாள்வாரியாக அவர்கள் உண்ணப்போகும் உணவும் உண்டு. நிலவில் முதல் வேளைச் சாப்பாடு பேக்கன் துண்டுகள், பீச் பழம், சர்க்கரை பிஸ்கட், பழச்சாறு, காபி. உணவுப் பக்கம் எழுதும் நிருபரையும் ஒருவர் நினைத்து வைத்திருக்கிறார். ஏவுதளத்துக்குச் சுமார் 3,500 செய்தியாளர்கள் வந்த நிகழ்வு அது. அத்தனை பேரும் அறிவியல் நிருபர்களாக இருக்க முடியாதல்லவா?

ஆனால் அந்தத் தொகுப்பில் நான் மிக மதிப்பது உணவுப் பட்டியலை அல்ல, நடக்காமல் போகக்கூடியவற்றுக்கு ஒதுக்கிய பக்கங்களை. எந்தெந்தக் கட்டத்தில் 'போகலாமா, வேண்டாமா' என்று முடிவெடுப்பார்கள், நிலவில் இறங்க முடியாவிட்டால் மாற்றுப் பயணம் என்ன, எந்த நிலையில் எப்படிக் கைவிட்டுத் திரும்புவார்கள் என்பவற்றுக்குத் தனித் தலைப்புகளே இருக்கின்றன. ஏவும் நாள் ஜூலை 16 தவறினால் 18, அதுவும் தவறினால் 21. நாள் மாறினால் இறங்கும் இடமும் மாறும். அதுவும் முன்கூட்டியே சொல்லப்பட்டது.

இதன் பயன் நிலவில் இறங்கிய இரவே தெரிந்தது. இறங்கிய பிறகு வீரர்கள் ஓய்வெடுத்து, நள்ளிரவு தாண்டித்தான் வெளியே வருவதாகத் திட்டம். அவர்கள் ஓய்வைத் தள்ளிவைக்கக் கேட்டார்கள். கிழக்குக் கரை நேரப்படி இரவு 10.56க்கு ஆர்ம்ஸ்ட்ராங் கால் பதித்தார். பழைய அட்டவணை கையில் இருந்ததால், எது எவ்வளவு முன்னால் நகர்ந்தது என்று செய்தியாளரால் தானே கணக்கிட முடிந்தது. எல்லாவற்றுக்கும் அதில் விடை இருந்தது என்று சொல்லமாட்டேன். இறங்கும்போது கணினி 1202 என்று எச்சரித்த அந்த நிமிடங்களில் தொகுப்பைப் புரட்டியவருக்கு எதுவும் கிடைத்திருக்காது.

அதே வாரம் நிலவைச் சுற்றிய சோவியத்தின் ஆளில்லாக் கலம் லூனா 15, என்ன செய்யப் போயிற்று என்று முன்கூட்டிச் சொல்லப்படாமலேயே ஜூலை 21 அன்று நிலவில் மோதி முடிந்தது. அதைப் பற்றி எழுதியவர்களுக்கு ஊகம்தான் துணை.

சந்திரயான்-3க்கு இஸ்ரோ வெளியிட்டது சில பக்கச் சிற்றேடு. வண்ணப் படங்கள், தெளிவான எண்கள். மொத்த எடை 3,900 கிலோ, அதில் உந்துவிசைக் கலம் 2,148 கிலோ, ரோவரையும் சேர்த்து லேண்டர் 1,752 கிலோ. எந்தக் கருவி எதை அளக்கும் என்பது ஒரே பார்வையில் தெரியும். ஐந்து நிமிடத்தில் படித்துவிடலாம் என்பது இதன் உண்மையான பலம். தொலைக்காட்சி நிருபருக்கு நாசாவின் 250 பக்கத்தைவிட இது உதவும். இஸ்ரோவின் இணையதளமும் நேரலையும் மீதியைப் பார்த்துக்கொள்ளும் காலம் இது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. அந்தச் சிற்றேடு வெற்றிப் பாதையை மட்டுமே வரைந்து காட்டுகிறது. 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலைமை சரியில்லை என்றால் இறங்குவது 27க்குத் தள்ளிப்போகும், முடிவு இரண்டு மணி நேரத்துக்கு முன் எடுக்கப்படும் என்பது, இறங்க இரண்டு நாள் இருக்கையில் அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மைய இயக்குநர் நிலேஷ் தேசாய் தந்த பேட்டியில்தான் பரவலாகத் தெரியவந்தது. நாசா தன் தொகுப்பிலேயே அச்சிட்டுக் கொடுத்த தகவலின் நேர் இணை இது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சந்திரயான்-2இன் லேண்டர் ஏன் விழுந்தது, இம்முறை என்ன மாற்றினார்கள் என்பதை 2023 ஜூலையில், ஏவுவதற்குச் சில நாள் முன் டெல்லியில் அப்போதைய இஸ்ரோ தலைவர் சோமநாத் அழகாக விளக்கினார். ஐந்து எஞ்சின்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக உந்தியது, 500 மீட்டருக்கு 500 மீட்டர் என்றிருந்த இறங்கு பரப்பை இம்முறை 4 கிலோமீட்டருக்கு 2.5 கிலோமீட்டர் ஆக்கியது, தோல்வியை முன்வைத்தே வடிவமைத்தது எல்லாம் அதில் வந்தன. அந்தப் பயணத்தைப் பற்றிய மிகச் சிறந்த செய்திக் குறிப்பு அந்தப் பேச்சுதான். கேட்கக் கிடைத்தவர்களுக்கு அது கிடைத்தது. திருநெல்வேலியில் உட்கார்ந்து, பக்கத்து மகேந்திரகிரியில் சோதிக்கப்பட்ட கிரையோஜெனிக் எஞ்சினைப் பற்றி எழுதும் நிருபருக்கும் அது எழுத்தில் கிடைத்திருக்க வேண்டும்.

சந்திரயான்-2இன் லேண்டர் இறங்கவிருந்த 2019 செப்டம்பர் 7 அதிகாலையை நினைத்துப் பாருங்கள். 2.1 கிலோமீட்டர் உயரம் வரை எல்லாம் சரியாக இருந்தது, பிறகு தொடர்பு அறுந்தது என்று அப்போதைய இஸ்ரோ தலைவர் சிவன் அறிவித்துவிட்டு நகர்ந்தார். எட்டுக் கருவிகளோடு ஆர்பிட்டர் அப்போதும் நலமாக நிலவைச் சுற்றிக்கொண்டிருந்தது. 'லேண்டர் இறங்காவிட்டால் திட்டத்தில் எது மிஞ்சும்' என்று ஒரே ஒரு பக்கம் முன்கூட்டிக் கையில் இருந்திருந்தால், அன்று காலைத் தலைப்புகள் வேறு மாதிரி இருந்திருக்கும். தோல்வியை மறைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அதன் அளவைச் சரியாகச் சொல்வதற்காகச் சொல்கிறேன்.

ஆகவே என் தீர்ப்பு: சுருக்கத்திலும் தோற்றத்திலும் இஸ்ரோவின் ஏடு மேல், செய்தியாளரை நம்புவதில் நாசாவின் ஏடு மேல். நம்பிக்கைக்கே நான் அதிக மதிப்பெண் தருவேன்.

அடுத்து வருவது ககன்யான், மனிதர் ஏறும் கலம். 2023 அக்டோபர் 21 அன்று அதன் தப்பிக்கும் அமைப்பைச் சோதித்தபோது, புறப்பட 5 நொடி இருக்கையில் கணினி நிறுத்தியது. பிறகு 10 மணிக்குக் கலம் பறந்தது. மனிதர் உள்ளே இருக்கும் நாளில் அப்படி ஒரு நிறுத்தம் நேர்ந்தால், அது எதற்காக, அடுத்து என்ன என்பதை நாடு முழுவதும் உள்ள செய்தியாளர்கள் அந்த நொடியிலேயே எழுத வேண்டியிருக்கும். கைவிடும் முறைகள், மாற்று நாள்கள், முடிவெடுக்கும் கட்டங்கள் எல்லாவற்றையும் இந்திய மொழிகளில், ஏவுவதற்குப் பத்து நாள் முன்பாகவே இஸ்ரோ எழுத்தில் தர வேண்டும்.